தீப்பொறிக்குப் போட்ட மூடி

எனக்கு இயந்திரம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்று இன்றைக்குக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் ஜப்பான்காரன் காலம் முழுவதும் பினாங்கில் நான் மெக்கானிக். கையில் கட்டிய துணிப்பட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அரிசி அளந்ததும் அந்தப் பெயருக்குத்தான்.

சண்டைக்கு முன்னால் நான் ஸ்டோர் கிளார்க். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தோட்டங்களுக்கு டிராக்டரும் பம்பும் விற்கிற கம்பெனி. அங்கே உதிரிப்பாகங்களின் பேரேடு பன்னிரண்டு வருடம் என் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பேனா பிடிக்க வந்தவர்கள்தான். நானும் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் வேலை பார்த்தவன். எந்தப் பாகத்துக்கு என்ன பெயர், என்ன நம்பர், எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு, எல்லாம் மனப்பாடம். அந்தப் பாகம் உள்ளே போய் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

ஜப்பான்காரன் எங்கள் கம்பெனிப் பட்டறையைப் பிடித்த அன்று எங்களை முற்றத்தில் நிறுத்தினான். மெக்கானிக்குகள் இடது பக்கம், மற்றவர்கள் வலது பக்கம். வலது பக்கத்துக்கு நேரே ஒரு லோரி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் அந்த லோரியைப் பார்த்தேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே இடது பக்கம் போய்விட்டன. அதிகாரி அலமாரியில் இருந்து ஒரு பாகத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். பெயரைச் சொன்னேன், நம்பரைச் சொன்னேன், எந்த டிராக்டருக்கு என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். அன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குச் சைக்கிள் செயின் கழண்டாலே பக்கத்து வீட்டுக்காரரைத்தானே கூப்பிடுறனீங்கள்?"

"மெல்லக் கதையும். மதிலுக்கும் காது இருக்கு."

"பிடிபட்டால் என்ன செய்வாங்கள்?"

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழர்களைப் பிடித்துப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவர் கூடத் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை. மெக்கானிக் என்றால் விட்டுவைப்பார்கள். பொய் சொன்ன கிளார்க் என்றால் சயாம் கூட வேண்டாம், முற்றத்திலேயே கதை முடிந்துவிடும்.

முதலில் சமாளித்தேன். பட்டறையில் இரண்டு சீன மெக்கானிக்குகள் இருந்தார்கள். கைவேலை எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள், நான் பக்கத்தில் நின்று பெரிய ஆள் மாதிரி முகத்தைச் சுளிப்பேன். என் வண்டவாளம் அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் இருவரையும் துறைமுக வேலைக்கு மாற்றிக் கூட்டிப்போனார்கள். பட்டறையில் நானும், சாமான் சுமக்க ஒரு மலாய்க்காரரும்தான் மிச்சம். அன்றிலிருந்து வாசலில் மோட்டார் சத்தம் கேட்டாலே நான் பின்னறைக்குள் ஓடிப் பேரேட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவேன்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த டிராக்டர் வந்தது. சின்ன டிராக்டர், என் நெஞ்சு உயரம்கூட வராது. அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு எங்கள் கம்பெனியே விற்றது. விற்ற சீட்டு என் கையெழுத்தில்தான் போயிருக்கும். ஜப்பான்காரன் அதைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்து, தெற்கே விமானத் திடலைச் சுற்றி லாலாங் புல் அழிக்க விட்டிருந்தான். ஆள் மட்டத்துக்கு வளர்ந்து, மழை இல்லாமல் காய்ந்து சருகாகக் கிடந்த புல். அதற்கு அப்பால் கீற்றுக் கொட்டகைகளில் விமானத்துக்கான எண்ணெய்ப் பீப்பாய்கள்.

மண்ணெண்ணெய் தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயைத்தான் வண்டிகளுக்கு ஊற்றினார்கள். அது எரிந்தால் நாற்றம் ஊரைத் தூக்கும். இயந்திரத்துக்குள் கரி கட்டி, அந்தக் கரி கனன்று துண்டு துண்டாகப் புகைக்குழாய் வழியே வெளியே தெறிக்கும். இந்த டிராக்டருக்குக் குழாய் பக்கவாட்டில், புல்லோடு புல்லாகத் தாழ்வாக இருந்தது. இரண்டு தடவை புல் பற்றிக்கொண்டதாம். ஆட்கள் கோணியை நனைத்து அடித்து அணைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை டிராக்டரை ஓட்டியவரை ராணுவக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் கண்ணில் படவில்லை.

அதிகாரி இதை மலாய் மொழிபெயர்ப்பாளர் வழியாக எனக்குச் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் பயந்தவர். சொன்னார்: "ஐந்து நாள். குழாயிலிருந்து ஒரு பொறி வரக்கூடாது. இனி தீப்பிடித்தால் அது விபத்து இல்லை, சதி என்கிறார்." சதி என்றால் என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்க அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கக்கூஸுக்குள் போய் அழுதேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பின்னறையில் பூச்சி அரித்துக் கிடந்த பழைய விலைப்பட்டியல் புத்தகங்களைக் கொட்டித் தேடினேன். இரண்டாம் நாள் மத்தியானம் கிடைத்தது. தோட்ட டிராக்டர்களுக்கான தீப்பொறி அடக்கி, படத்தோடு. குழாயை மேலே உயர்த்தி, அதன் தலையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் புகை ஒரு தட்டில் மோதித் திரும்பும். கனமான கரி கீழே விழுந்துவிடும். மிச்சத்தை ஒரு கம்பி வலை பிடிக்கும். படத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மணிக்கு ஒரு தரம் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்டிக்கு ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. வெட்டி மடக்கி, ரிவெட் ஆணி அடித்தேன். ரிவெட் என்ற சொல்லை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், கையால் அடித்தது அன்றுதான். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிற்று. குழாயை எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் போகிற இடத்தில் சூடு தாங்குகிற ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றால் சுற்றினேன். வலைக்குத்தான் திண்டாட்டம். பட்டறையில் இருந்தது கோழிக்கூட்டு வலை, சின்ன விரல் நுழையும். மனைவியிடம் பித்தளை வலை போட்ட அரிதட்டு ஒன்று இருந்தது, புட்டுக்கு மா அரிக்கிறது.

"எடுத்துக்கொண்டு போங்கோ," என்றாள். "அரிசிமாவைக் கண்ணால கண்டு எத்தனை மாதம். சட்டத்தைக் கொண்டுவந்து தாங்கோ, விறகுக்கு ஆகும்."

மா இறங்குகிற அளவு நுணுக்கமான கண். இதைத் தாண்டி எந்தப் பொறி வரும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உண்மையான மெக்கானிக் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். கண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் கரி அடைக்கும். படத்தில் இருந்த வலைக்கு மணிக்கு ஒரு தரம் என்றால் என் வலைக்கு அரை மணிக்கு ஒரு தரம் துடைக்க வேண்டியிருக்கும். இது எனக்குத் தோன்றவே இல்லை. பொடி எழுத்தில் மணிக்கு ஒரு தரம் என்று இருந்தது, நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை அதிகாரி வந்தான். பட்டறைக் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கி, டிராக்டரை முடுக்கச் சொன்னான். காய்ந்த லாலாங் கட்டு ஒன்றைத் தானே கையில் பிடித்துக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான். நான் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. புகை வந்தது, பொறி வரவில்லை. புல் புல்லாகவே இருந்தது.

"பாகுஸ்," என்றான் அதிகாரி. நல்லது என்று மலாயில் அவனுக்குத் தெரிந்த ஒரு வார்த்தை. என் முதுகில் தட்டினான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்ததால் கையை உடனே எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

அன்று பிற்பகல் வண்டியை எடுத்துப்போக புது ஓட்டுநர் வந்தார். அதே தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர், நாற்பது வயது இருக்கும். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அக்கரையில். தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மலாய் நாலு வார்த்தைக்கு மேல் வராது. தோட்டத்து வழக்கப்படி என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். டிராக்டரை ஒரு சுற்று சுற்றி வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்தார், மேலே ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வலை ரொம்பச் சின்னதா இருக்கே. கரி அடைச்சிக்காதா? அடைச்சா எஞ்சினு மூச்சு விடாதே லா."

அவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். அதுதான் என் பயம். வருடக்கணக்காக டிராக்டர் ஓட்டியவர்கள் எல்லோரும் இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்கு அடுத்து இன்னொன்று கேட்பார்கள், மூன்றாவது கேள்வியில் நான் யார் என்று வெளிச்சமாகிவிடும். அவர் வெளியே போய் யாரிடமாவது வாய்விட்டால் நான் தொலைந்தேன். இன்னொன்றும் இருந்தது, அதை மறைத்துப் பயன் இல்லை. தோட்டத்து ஆள் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பதா என்ற திமிர். எங்கள் ஆட்களுக்கு அந்தத் திமிர் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

"எல்லாம் இதில எழுதியிருக்கு," என்று ஒரு தாளை நீட்டினேன். "வாசிச்சு அதன்படி செய்யும்."

காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். பட்டறையில் எந்தச் சாமான் வெளியே போனாலும் அதோடு ஒரு குறிப்புத் தாள் போகவேண்டும், அது என் பழைய வழக்கம். ஆங்கிலத்தில், சாய்வெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். கீழே கையெழுத்து, தேதி. வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆங்கிலத்தில் எழுதினாலே உதை என்ற காலம், ஆனாலும் உத்தியோகக் காரியம் என்றால் என் கை ஆங்கிலத்தில்தான் ஓடும். தமிழில் எழுதியிருந்தாலாவது அவர் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். "சரிங்கய்யா," என்று நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று அவரும் சொல்லவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். டிராக்டர் சந்து முனையைத் தாண்டி மறைந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெற்கே வானத்தில் கொஞ்சம் கறுத்தால் போதும், வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன். யாரோ குப்பை எரிப்பார்கள், நான் இங்கே செத்துப் பிழைப்பேன். மனைவி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இஞ்சாருங்கோ, புல்லுக் கட்டைப் பிடிச்சுப் பாத்தவன்தானே. அவன்தானே நல்லதெண்டு சொன்னவன். பிறகு என்ன?"

"ஒண்டுமில்லை. சாப்பிடும்."

நாலாம் நாள் காலை லோரி பட்டறைக்கே வந்தது. மொழிபெயர்ப்பாளர் இறங்கினார், முகத்தில் ரத்தம் இல்லை. ஏறு என்று கையால் காட்டினார். வீட்டுக்குச் சொல்லி அனுப்பக்கூட நேரம் இல்லை. வழியெல்லாம் நான் எங்கள் ஊர் அம்மனை அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவர் காதில் விழுந்தும் விழாதவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடலுக்கு அந்தப் பக்கம் கரேலென்று இருந்தது. பெரிய பரப்பு, இன்னும் அங்கங்கே புகைந்துகொண்டிருந்தது. ஒரு காவல் கொட்டகை எரிந்து கிடந்தது. பீப்பாய்கள் தப்பியிருந்தன, காற்று திரும்பியதால் தப்பியிருந்தன. டிராக்டர் நடுவில் நின்றது. என் பிஸ்கட் டின் பெட்டி ரிவெட் விட்டு வாய் பிளந்து தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மனைவியின் அரிதட்டு வலை கரியால் முழுக்க அடைத்து, நடுவில் உருகி ஓட்டையாகியிருந்தது.

பார்த்த கணமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது, மிச்சத்தை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: எண்ணெய் வராமல் சும்மா நின்ற வண்டி முந்தின நாள்தான் புல்லில் இறங்கியிருக்கிறது. வலை அடைத்ததும் வண்டி திணறியிருக்கிறது. மெதுவாகப் போகிறது என்று காவலுக்கு நின்றவன் ஓட்டுநரை அடித்திருக்கிறான். அவர் பயந்து இன்னும் முடுக்க, குழாய் சிவந்து, பெட்டி வெடித்து, உள்ளே இத்தனை நேரம் சேர்ந்த கனல் மொத்தமும் புல்லில் கொட்டியிருக்கிறது. மூடி இல்லாமல் இருந்தபோது ஒவ்வொரு பொறியாக விழுந்தது. நான் மூடி போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்ட வைத்திருக்கிறேன்.

ஓட்டுநர் மண்ணில் முட்டி போட்டிருந்தார், கை பின்னால் கட்டியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஐயா வந்துட்டீங்களா," என்றார்.

அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார்: "குற்றம் இயந்திரத்திலா, ஆளிலா?"

இயந்திரத்தில் என்றால் நான். ஆளில் என்றால் அவர். நான் வாய் திறப்பதற்குள் ஒரு சிப்பாய் ஓட்டுநரின் சட்டைப் பையில் கிடைத்த தாளை அதிகாரியிடம் கொடுத்தான். மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. அதிகாரி அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தான், அவர் ஆங்கிலம் தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் மலாயில் வாசித்தேன். ஒவ்வொரு மணி நேரமும் இயந்திரத்தை நிறுத்தி, வலையைக் கழற்றிச் சுத்தம் செய்க. தவறினால் தீப்பிடிக்கும். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஓட்டுநர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கய்யா எழுதியிருக்கு?"

சொன்னேன். தமிழில், அவருக்கு முதல் தடவையாகச் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, "இத அன்னிக்கே வாயால சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனேய்யா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. அத இவங்ககிட்ட சொல்லுங்கய்யா. வேணும்னு செய்யல, தெரியாமத்தான்னு சொல்லுங்க. மூணு புள்ளைங்கய்யா."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

அந்த இடத்தில் தமிழும் மலாயும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படிக்கத் தெரியாதவரிடம் தாளை ஏன் கொடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வியும் வரும். எனக்கு அவர் பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லை. என் பயம் மட்டும்தான் நினைவில் இருந்தது.

"தாளில் உள்ளது தனக்குத் தெரியும் என்கிறான்," என்றேன் மலாயில். "கவனக்குறைவு, மன்னிக்கச் சொல்கிறான்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பான் மொழியில் சொன்னார். அதிகாரி கையை அசைத்தான். இரண்டு பேர் ஓட்டுநரைத் தூக்கி லோரியில் ஏற்றினார்கள். சயாம் போகிற ரயிலுக்கு என்று பிறகு தெரிந்தது.

அவரை அங்கேயே சுடவில்லை. அதனால் நான் அவருக்காகப் பேசி, அது எடுபட்டது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. லோரி கிளம்பும்போது கை கட்டியிருந்தபடியே என் பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி, "ரொம்ப நன்றிங்கய்யா," என்றார்.